முதலில் நூலா, பிரஷ்ஷா?

பர்மாவின் மீன்குழம்பு நூடுல்ஸான மொய்ங்கா சாப்பிட்டுவிட்டு எழுந்தால் நாக்கு தானாகவே கடைவாய்ப் பக்கம் துழாவப் போகும். வாழைத்தண்டு நாரோ, பேஜோ வடையின் பருப்புத் துணுக்கோ ஏதோ ஒன்று இடுக்கில் உட்கார்ந்திருக்கும். புளிக்கவைத்த தேயிலைக் கலவையான லபெத் தோ என்றால் கேட்கவே வேண்டாம். எள், வறுத்த பட்டாணி, தேயிலைச் சக்கை என்று ஆளுக்கொரு இடுக்கைப் பிடித்துக்கொள்ளும். டீக்கடை மேசையில் பல்குச்சி டப்பா இருப்பது அதற்குத்தான். குத்தி எடுத்துத் துப்பிவிட்டு, மிச்சத்தை ராத்திரி பிரஷ் பார்த்துக்கொள்ளும் என்று கிளம்பிவிடுகிறோம்.

பிரஷ்ஷால் அது முடியாது. கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்கு ஐந்து முகம்: கன்னத்துப் பக்கம் ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று, மெல்லுகிற மேல்பரப்பு ஒன்று, இரண்டு பக்கமும் அண்டைப் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கவாட்டு முகங்கள் இரண்டு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரஷ்ஷானாலும் முதல் மூன்றோடு சரி. மீதி இரண்டுக்கு மெல்லிய நூல் ஒன்றுதான் உள்ளே நுழையும். கடையில் ஃப்ளாஸ் என்று கேட்டால் சின்ன டப்பாவில் சுற்றிய அந்த நூலை எடுத்துக் கொடுப்பார்கள். யாங்கோனில் சிட்டி மார்ட் போன்ற பெரிய கடைகளில் கிடைக்கும். சிறிய ஊர் என்றால் மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கியாயிற்று. இதை பிரஷ்ஷுக்கு முன்னால் செய்வதா, பின்னால் செய்வதா?

முன்னால் என்பது என் பதில். ராத்திரி படுக்கப் போகும் முன் முதலில் நூல். அடுத்து பேஸ்டும் பிரஷ்ஷும். பிறகு நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பகுதிதான் நம் ஆட்களுக்குத் தொண்டையில் இறங்காது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இடுக்கில் என்ன நடக்கிறது

நன்றாக விளக்கிய பல்லிலும் சில மணி நேரத்தில் ஒரு வழவழப்பு வந்துவிடும். எச்சிலில் இருக்கும் புரதம் முதலில் மெலிசாகப் பூசிக்கொள்ள, அதன்மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிக் குடும்பம் நடத்த ஆரம்பிக்கின்றன. இதைத்தான் பற்படலம், பிளாக் என்கிறார்கள். நாள் முழுக்க விளக்காத பல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் வெளுப்பாக ஒரு பசை ஏறுமே, அதுதான்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு நாம் போடுகிற சாப்பாடு சர்க்கரை. கண்டென்ஸ்டு மில்க் டீ ஒரு கப் உள்ளே போனதும் அவை அதைத் தின்று அமிலமாக வெளியே விடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் மெதுவாக அந்த அமிலத்தைத் தணித்து, போனதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம், கூடுதலும் ஆகலாம். அதற்குள் இன்னொரு டீக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால்? டீக்கடையில் உட்கார்ந்து ஒரே கப்பை ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறவர் பல்லுக்கு மூச்சு விடவே நேரம் கொடுப்பதில்லை. கூடவே அதே மேசையில் ஃபிளாஸ்க்கில் இருக்கும் சர்க்கரை போடாத பச்சைத் தேநீரையும் அவ்வப்போது குடித்துக்கொண்டால் பல்லுக்கு நல்லது.

பேஸ்டில் இருக்கும் ஃப்ளோரைடு இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லில் திரும்பப் படியும்போது ஃப்ளோரைடு அருகில் இருந்தால், புதிதாகப் படிவது முன்னைவிட அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது அருகில் இருக்க வேண்டும். நுரையாக வாய் முழுக்கச் சுற்றிவிட்டு, இடுக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே வந்துவிட்டால் அந்த இரண்டு முகங்களுக்கும் பயனில்லை. இரண்டு பற்கள் தொடும் இடத்திலிருந்து சொத்தை தொடங்குவதும், கண்ணாடியில் பார்த்தால் தெரியாமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரிவதும் இதனால்தான்.

எடுக்காமல் விட்ட படலம் வேறொரு வழியிலும் தொல்லை கொடுக்கும். எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் படிந்து ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் பற்காரை. கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் காரை பிடித்திருக்கிறது. எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது என்பதால் முதலில் கட்டுவதும் அங்கேதான். காரையாகிவிட்ட பிறகு நூலும் பிரஷ்ஷும் அதை ஒன்றும் செய்ய முடியாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஏன் நூல் முதலில்

பகோ பக்கம் நெல் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். களை பறிக்காமல் உரம் போட்டால் அந்த உரம் யாருக்குப் போய்ச் சேரும்? நூல் களையெடுப்பு, பேஸ்ட் உரம். இடுக்கில் இருக்கும் படலத்தை முதலில் கிளறி எடுத்துவிட்டால், பின்னால் வரும் ஃப்ளோரைடு பல்லின் மேற்பரப்பைத் தொட வழி கிடைக்கும். நூல் கிளறிவிட்ட அழுக்கையும் பிரஷ் வாரிக்கொண்டு வர, எல்லாம் ஒரே துப்பலில் போய்விடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஈரானில் மஷ்ஹத் நகரத்துப் பல் மருத்துவ மாணவர்கள் 25 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரே ஆட்களே ஒரு முறை நூலை முதலிலும், இன்னொரு முறை பிரஷ்ஷை முதலிலும் பயன்படுத்தினார்கள். நூல் முதலில் போனபோது இடுக்கில் படலம் கூடுதலாகக் குறைந்தது, ஃப்ளோரைடும் அங்கே கூடுதலாகத் தங்கியது. ஆனால் 25 பேர் என்பது சின்னக் கூட்டம். சொத்தை குறைந்ததா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வும் இல்லை அது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் எந்த வரிசையானாலும் சரி, ஒழுங்காகச் செய்தால் போதும் என்றுதான் சொல்கிறது. பிரஷ் முதலில் என்கிற கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு: விளக்கிய பிறகு வாயில் மிச்சமிருக்கும் பேஸ்டை நூல் இடுக்குக்குள் தள்ளிக்கொண்டு போகும் என்பார்கள்.

நூலே தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. நூலுக்கு ஆதாரம் பலவீனமானது என்று 2016-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாகச் செய்தி வந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மறுஆய்வு, பிரஷ் மட்டும் பிடிப்பதைவிட நூலையும் சேர்த்துக்கொண்டால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்றது. கூடவே, ஆதாரத்தின் உறுதி குறைவு என்பதையும், இடுக்குக்கென்றே செய்த குட்டி பிரஷ்கள் நூலைவிட மேலாக இருக்கலாம் என்பதையும் சொன்னது. இதற்காக நூலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தப்பும் தவறுமாக நூல் விடுகிறவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் பலன் குறைவாகத்தானே தெரியும்.

ஆய்வையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் நான் நூலை முதலில் வைப்பேன். காரணம் சோம்பல். பிரஷ் பிடித்து, வாய் குளுகுளுவென்று ஆகிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று உடம்பு முடிவுகட்டிவிடும். அதற்கப்புறம் நின்று நூலைச் சுற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? நூலை முதலில் முடித்துவிட்டால் பிரஷ்ஷை விட்டுவிட்டு யாரும் படுக்கப் போக மாட்டார்கள்.

நூல் பிடிக்கும் விதம்

பூக்காரம்மா அளக்கிறாரே, அதே ஒரு முழம் நூல் போதும். சுமார் 45 சென்டிமீட்டர். இரண்டு முனையையும் இரண்டு நடுவிரல்களில் சுற்றிக்கொள்ளுங்கள், ஒரு விரலில் கூடுதலாக, இன்னொன்றில் கொஞ்சமாக. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இழுத்துப் பிடித்தால் நடுவில் ஓர் அங்குல நூல் விறைப்பாக நிற்கும். அதை இரண்டு பற்களுக்கு நடுவில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைத்து இறக்குங்கள். ‘டக்’கென்று அழுத்தி இறக்கினால் ஈறை வெட்டிவிடும். நூல் விட்டு ஒரே நாளில் வெறுத்துப் போனவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வெறுத்திருப்பார்கள்.

உள்ளே இறங்கியதும் நூலை ஒரு பல்லோடு அணைத்துப் பிறை வடிவில் வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே போகும்வரை மெதுவாக இறக்கி, நாலைந்து தடவை மேலும் கீழுமாக வழியுங்கள். பிறகு நடுவில் மேடாக இருக்கும் ஈறைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பல்லை அதேபோல அணைத்து வழிக்க வேண்டும். ஒரே இடுக்கில் இரண்டு பற்கள் இருக்கின்றன என்பதை மறந்து ஒரு பக்கத்தோடு வெளியே வந்துவிடுவது சகஜம். உள்ளே விட்டு முன்னும் பின்னும் ரம்பம் அறுக்கிறவர்களும் உண்டு. அப்படி அறுத்தால் நார் வரும், படலம் அப்படியே இருக்கும்.

அடுத்த இடுக்குக்குப் போகும்போது ஒரு விரலிலிருந்து அவிழ்த்து இன்னொன்றில் சுற்றிப் புதிய நூலைக் கொண்டுவாருங்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கு அண்டைப் பல் கிடையாது, ஆனால் அழுக்கு உண்டு. அங்கேயும் ஒரு வழிப்பு. முதல் வாரம் விரல் இடிக்கும், எச்சில் வழியும், கண்ணாடியில் முகம் அசிங்கமாகத் தெரியும். பழகிவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். கரண்ட் போன ராத்திரியிலும் கைப்பழக்கத்தில் செய்துவிடலாம்.

தையல் நூல், பூ கட்டும் நூல் வேண்டாம். பிசிறும், அறுந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். நெருக்கமான பல் என்றால் மெழுகு பூசிய ஃப்ளாஸ் சுலபமாக இறங்கும். 1819-இலேயே பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் மெழுகு பூசிய பட்டு நூலைத்தான் சிபாரிசு செய்தார். பட்டு போய் நைலான் வந்தது 1940-களில். எப்போதும் ஒரே இடுக்கில் நூல் பிசிறுகிறதா? அங்கே சொத்தையோ காரையோ சரியாக அடைக்காத சிமெண்ட்டோ இருக்கலாம். மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

ரத்தம் வந்தால்

முதல் நாள் நூலில் சிவப்பாக ஒட்டும். பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். அந்த இடத்தில் ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. மெதுவாக, தினமும் தொடர்ந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ பல் ஆடினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் காத்திருக்கவே வேண்டாம், ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கூட்டிவிடும். சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. புகை பிடிப்பவர்களின் ஈறில் நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. ரத்தம் வரவில்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட முடியாது.

“ஏம்ப்பா, தினம் நூலை விட்டா பல்லு இடுக்கு பெருசாயிடாதா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆகாது, தாத்தா. ஈறு வீக்கம் வடிந்ததும், வீங்கிய சதை மூடிவைத்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காரை எடுத்தால் பல் ஆடும் என்கிற பயமும் இதே ரகம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும்.

துப்பலோடு நிறுத்துங்கள்

நூல் முடிந்தது. மென்மையான நாருள்ள பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம் விளக்குங்கள். பேஸ்ட் டியூபில் ஃப்ளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்திலிருந்து வரும் டியூபில் எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். மூலிகை பேஸ்ட், பல்பொடி பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது.

இனி சொம்புத் தண்ணீருக்குக் கை போகும். நமக்குப் பல் விளக்குவது என்றால் கடகடவென்று கொப்பளித்து, தொண்டையைக் காறி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்தான் விளக்கின திருப்தி. ஆனால் அந்த ஒரு சொம்பில் இரண்டு நிமிடம் பூசிய ஃப்ளோரைடில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். நுரையைத் துப்புங்கள், இன்னொரு முறை துப்புங்கள், உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுங்கள். இரண்டு மூன்று ராத்திரி வாய் ஒரு மாதிரியாக இருக்கும், பிறகு மறந்துவிடும். மோட்டார் ஓடாமல் டேங்க் காலியான ராத்திரிகளில் தண்ணீரும் மிச்சம். கொப்பளிப்பதும் நாக்கு வழிப்பதும் இல்லாமல் முடியாது என்பவர்கள் அதை நூலுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம்.

மௌத்வாஷும் இதே கணக்குதான். தினசரி உபயோகத்துக்கான ஃப்ளோரைடு மௌத்வாஷில் சுமார் 225 பிபிஎம்தான் இருக்கும். பேஸ்டின் 1,450-ஐக் கழுவிவிட்டு 225-ஐ வைத்துக்கொள்வது நஷ்ட வியாபாரம். வேண்டுமானால் மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொப்பளியுங்கள்.

நூல் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால் இடுக்கில் இருப்பதைத் தணிக்க ஆள் இருக்காது. காலையில் மொய்ங்காவுக்கு முன்னால் பிரஷ் பிடியுங்கள். எலுமிச்சை பிழிந்த சூப்பும் புளிப்பும் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும், அந்த நேரத்தில் தேய்த்தால் தேயும். சாப்பிட்ட பிறகுதான் விளக்குவேன் என்றால் அரை மணி நேரமாவது போகட்டும்.

குன்யா போடுகிறவர்களுக்கு

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, புகையிலை எல்லாம் சேர்ந்த குன்யா மடிப்பை வாயில் ஒதுக்கியபடியே வேலை பார்க்கிறவர்கள் நம்மிலும் நிறையப் பேர். அவர்கள் வாயில் காரை தடித்துக் கறுத்திருக்கும், பாக்குத் தூள் இடுக்குக்கு இடுக்கு அடைந்திருக்கும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துச் சக்கையை வெளியேற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் நூல், பிரஷ். கரித்தூளும் உப்பும் போட்டுக் கறையைத் தேய்க்க வேண்டாம். கறை போகிறதோ இல்லையோ எனாமல் போகும்.

இந்த வரிசை அவர்களுடைய ஈறுக்கும் பல்லுக்கும் கொஞ்சம் உதவும். புற்றுநோய்க்கு உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, வாயைத் திறக்க விடாமலும் செய்யும். உங்கள் சொந்த விரல்கள் மூன்றை நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ நூலைப் பற்றிய யோசனையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாய் கொஞ்சம்தான் திறக்கிறது என்பவர்களுக்குப் பிடி வைத்த ஃப்ளாஸ் குச்சி வசதி.

வயதாகி ஈறு இறங்கி இடைவெளி விட்டுப்போன பற்களுக்கு நூலைவிட இடுக்கு பிரஷ்தான் சரி. இடைவெளிக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி கட்டியவர்கள், பிரிட்ஜ் போட்டவர்களுக்கும் அது உதவும். அவர்களுக்கும் வரிசை அதேதான்.

குழந்தைகளுக்கு இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்த நாளிலிருந்து நூல் விடலாம். தலையை உங்கள் மடியில் சாய்த்து மேலிருந்து பார்த்தபடி செய்தால் வாயின் உட்புறம் முழுக்கத் தெரியும். ஏழெட்டு வயது வரை அவர்கள் கையில் நூலைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பேஸ்ட், மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. துப்பத் தெரியாத குழந்தைக்கு அதற்கு மேல் வைக்க வேண்டாம்.